சித்திக்குத் தெரியாத கால்வாய்

தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சி வந்தால் எங்கள் வீட்டில் என்னை ஹாலில் உட்கார விடமாட்டார்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் முதலில் "சூயஸ் கால்வாய்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் யோசிக்கவே தொடங்குவேன். மனித இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டாலும் எனக்கு முதலில் வருவது அதுதான். ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது எழுந்துபோய் ஒலியைக் கூட்டுகிறார்கள். ஒரே ஒரு முறை நிஜமாகவே அந்தப் பதில் வரும் கேள்வியைக் கேட்டார்களாம். அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வியாதி எப்போது தொற்றியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அறுபத்திரண்டாம் வருஷம். எனக்குப் பதினோரு வயது.

அந்த வருஷம்தான் எங்கள் புதுச்சேரி காகிதத்திலும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் இரண்டு சர்க்கார்களும் பத்திரத்தை முடிக்க அவ்வளவு காலம் பிடித்தது. முடித்த கையோடு ஊர் ஜனங்களுக்கும் ஒரு கேள்வி வைத்தார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் நீ பிரெஞ்சுப் பிரஜை. ஒன்றும் எழுதாமல் சும்மா இருந்தால் இந்தியன். தெருவுக்குத் தெரு இதே பேச்சு. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா செதிலைச் சுரண்டிக்கொண்டே, "நீங்க எழுதிக் குடுக்கறீங்களா, சும்மா இருக்கீங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார். சும்மா இருப்பதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருந்ததால் இந்தியன் ஆவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

என் கவலை வேறாக இருந்தது. எங்கள் தெருப் படிப்பகத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரு உலக உருண்டை வந்து உட்கார்ந்திருந்தது. பித்தளைக் காலில் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். தொட்டால் சுற்றும் என்றார்கள். ஆனால் யாரையும் தொட விடவில்லை. காந்தி ஜெயந்தி அன்றைக்குச் சிறுவர்களுக்குப் பொது அறிவுப் போட்டி, குழுவுக்கு மூன்று பேர், ஜெயிக்கிற குழுவுக்கு அந்த உருண்டை என்று படிப்பகத் தலைவர் அறிவித்தார். தலைவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் நியாயம் பார்ப்பவர். அவருடைய நியாயம்தான் பின்னால் எல்லாவற்றையும் குட்டிச்சுவராக்கியது.

நோட்டீஸில் 'மாபெரும் இறுதிச் சுற்று' என்று போட்டிருந்தார்கள். முதல் சுற்றும் அதுதான். இரண்டு குழுக்கள்தான் பெயர் கொடுத்திருந்தன.

ஒன்று எங்களுடையது. அக்கா, அடுத்த வீட்டுக் காதர், நான். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அச்சடித்த எதையும் விடாமல் படிப்பாள். காதரின் வாப்பா மார்க்கெட்டில் அத்தர் கடை வைத்திருந்தார். அவனிடம் ஒருமுறை சொன்னால் போதும், அது கல்லில் வெட்டியதுபோல நிற்கும். என்னிடம் அறிவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. குரல் இருந்தது. பதில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதால் என்னைத் தலைவனாக்கினார்கள். குழுத் தலைவன் வாயிலிருந்து வரும் முதல் சொல்தான் பதில் என்பது விதி. அந்த விதியைப் படித்த பிறகும் என்னைத் தலைவனாக்கியது ஏன் என்பதுதான் எனக்கு இன்றும் புரியவில்லை.

எங்களைத் தயார் செய்தவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. பஞ்சாலை ஆபீசில் குமாஸ்தா. அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவர் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தாராம். தாயில்லாத பிள்ளை என்று அம்மாதான் தலைக்கு எண்ணெய் வைத்து வளர்த்தாள். எங்கள் வீட்டுக்கு மூத்த பிள்ளை மாதிரி அவர். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இன்னொரு குழு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஷூ போட்ட ஒரு பையன், இரட்டைச் சடை போட்ட இரண்டு பெண்கள். அவர்களைத் தயார் செய்தவர் அந்தப் பள்ளிக்கூடத்து இளம் டீச்சர். கல்யாணமாகாத பெண்களைப் பிரெஞ்சில் மரியாதையாக அழைப்பதுபோல எல்லோரும் அவரை மத்மசேல் என்றே அழைத்தார்கள். நம்மைப் போலத் தமிழ்க்காரர்தான். கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல ஊரில் அவரைச் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டில் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள், மூத்த மகன் ஏற்கெனவே பிரான்சில்தான் இருக்கிறான், வருஷம் முடிவதற்குள் வீட்டோடு கப்பல் ஏறிவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

சித்தப்பாவின் பயிற்சி தினமும் விளக்கு வைத்ததும் தொடங்கும். முதல் நாளே அவர் கூடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் பிரான்சை வரைந்தார். அதில் சேன், லுவார், கரோன், ரோன் என்று நான்கு ஆறுகளை ஓடவிட்டார். அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. காந்தி ஜெயந்திக்கு நடக்கிற போட்டியில் எதற்குப் பிரான்சு என்று கேட்டாள்.

"அவங்க ஃப்ரெஞ்சு இஸ்கூல் பசங்க. நம்மள மடக்கணும்னா ஃப்ரெஞ்சு சமாசாரந்தான் கேப்பாங்க," என்றார் சித்தப்பா. "நம்ம ஊரு விஷயம் நமக்குத் தெரியாதா? அத இன்னாத்துக்கு ஒக்காந்து படிக்கணும்?"

அதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. இந்தியாவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்புறம் இரவும் பகலும் பிரான்சுதான். லுவார் எந்த மலையில் பிறக்கிறது, பாரீசில் பனிக்காலத்தில் எத்தனை மணிக்கு இருட்டுகிறது, அங்கே எத்தனை வகைப் பாலாடைக்கட்டி உண்டு. பாலாடைக்கட்டி என்ற பொருளை நாங்கள் மூவரும் கண்ணால் கண்டதில்லை. காதர் அதை ஒருவகைச் சலவைக்கட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தான். போகப்போகச் சித்தப்பாவின் கேள்விகள் இன்னும் நுட்பமாயின. மார்செய் துறைமுகத்தில் அரிசி கிடைக்குமா? கிடைக்கும், சைகோன் அரிசி. பனி பெய்யும்போது கம்பளிச் சட்டைக்குள் என்ன போட வேண்டும்? இன்னொரு பனியன். தமிழ்க்காரனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "இதெல்லாமா தம்பி போட்டியில கேப்பாங்க?" என்றாள்.

"எது வேணா கேப்பாங்க அண்ணி."

அம்மா ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளினாள். அப்புறம், "நீங்களும் எழுதிக் குடுக்கப்போறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார் சித்தப்பா. அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. கீரை கசந்துவிட்டது போலும் என்று நினைத்து அவளுடைய பங்கு கருவாட்டையும் நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வைத்திக்குப்பத்துப் பக்கம் கடற்கரைக்குப் போனார். அங்கே மணலில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் மத்மசேல் குடையோடு நின்றிருந்தார். என்ன தற்செயல் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தப்பா எனக்கு ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கொடுத்து, படகுகளை எண்ணிக்கொண்டிரு என்றார். எண்ணினேன். ஆனால் காது சும்மா இருக்குமா?

மத்மசேல் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோதாவரி நாசிக் பக்கம். கிருஷ்ணா மகாபலேஸ்வரம். காவிரி குடகு. ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். சித்தப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு மத்மசேல் ஏதோ கேட்க, சித்தப்பா லுவார், ரோன் என்று ஒப்பித்தார். எங்களிடம் கேள்வி கேட்கும்போது இருக்கிற கம்பீரம் அவரிடம் கொஞ்சம்கூட இல்லை. அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாடம் மறந்துவிட்டால் நானும் அப்படித்தான் நிற்பேன்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இன்னா சித்தப்பா, எதிரிக்குப் போயி நம்ம ஆறெல்லாம் சொல்லித் தர்றீங்க?"

"சொல்லித் தரலடா. அவங்க எவ்ளோ படிச்சிருக்காங்கன்னு வேவு பாக்கறேன்."

"அவங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே."

"அதான்டா எனக்கும் கவலையா இருக்கு," என்றார். கவலைப்படுகிற ஆள் எதற்கு அப்படிச் சிரித்தார் என்று நான் யோசிக்கவில்லை. எதிரியின் கோட்டைக்குள்ளேயே போய் வேவு பார்க்கும் சித்தப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

வைத்திக்குப்பத்தில் தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது சித்தப்பாவின் கணக்கு. அப்பா வைத்திருந்தது வலைநூலும் கயிறும் விற்கிற கடை. குப்பத்தில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்தபடியே, "வைத்திக்குப்பத்துல மீனு நல்லா கெடைக்குதாப்பா? தெனம் போறியாமே," என்றார். சித்தப்பாவுக்குப் புரை ஏறியது. அவரைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை. "போட்டி விஷயமாப்பா, சித்தப்பா வேவு பாக்கறாரு," என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ரகசியத்தை இப்படி வெளியே சொல்லியிருக்கக் கூடாது என்று அக்கா பிறகு என் காதைத் திருகினாள்.

காந்தி ஜெயந்தி அன்றைக்குப் படிப்பகத்தில் இடம் போதாமல் ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். மேடையில் இரண்டு பெஞ்சுகள், நடுவில் மேசை, மேசைமேல் உலக உருண்டை. முன்வரிசையில் சொல்தா, நெஞ்சில் பதக்கத்தோடு கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அப்பா. பெண்கள் பக்கத்தில் அம்மா விசிறியோடு.

தலைவர் எழுந்து தன்னுடைய நியாயத்தை விளக்கினார். தெரியாததைக் கேட்டுப் பிள்ளைகளைத் திண்டாட விடுவது தர்மம் இல்லையாம். ஆகவே எங்கள் குழுவுக்கு இந்தியா, தமிழர் வாழ்க்கை பற்றிய கேள்விகள். பிரெஞ்சுப் பள்ளிக் குழுவுக்குப் பிரான்சு பற்றிய கேள்விகள். ஒருவருக்குத் தெரியாவிட்டால் கேள்வி அடுத்த குழுவுக்குப் போகும், அதற்குப் பாதி மதிப்பெண். கூட்டம் கை தட்டியது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள். எதிர்ப் பெஞ்சில் ஷூ போட்ட பையனின் முகமும் வெளுத்திருந்ததை நான் கவனித்தேன். அவனுக்கு ஏன் பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் கேள்வி எங்களுக்கு. காவிரி எங்கே உற்பத்தியாகிறது? அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அவள் என் காதில் சொல்லக் குனிந்தாள். அதற்குள், இத்தனை நாளாக ஆறு என்றாலே பிரான்சு என்று பழகிப்போயிருந்த என் வாய், லுவார் பிறக்கிற மலையின் பெயரைக் கடைசி வரிசை வரை கேட்கும்படி பிரெஞ்சிலேயே முழங்கிவிட்டது. கூடம் அதிர்ந்தது. சொல்தா மட்டும் சிரிக்கவில்லை. புருவத்தைத் தூக்கினார். கேள்வி எதிர்ப் பெஞ்சுக்குப் போனது. ஒரு இரட்டைச் சடை எழுந்து, "குடகு," என்றது.

அடுத்தது அவர்களுக்கு. பாரீஸ் நகரம் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது? ஷூ போட்ட பையன் விறைப்பாக எழுந்து நின்று, "யமுனை," என்றான். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். பாவம், தலைநகரம் என்றால் யமுனை என்று அவனைப் பழக்கியிருந்தார்கள். நான் "சேன்" என்று கத்தியதில் மேசைமேல் இருந்த மணி நடுங்கியது.

அதற்கப்புறம் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்களைக் கேட்டதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களைக் கேட்டதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. எந்த மாதத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்று எங்களைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து கல்யாணம் என்றால் சாப்பாடுதான். மாதத்தை யார் பார்த்தார்கள்? பாரீசில் பனிக்காலத்தில் எப்போது இருட்டும் என்று அவர்களைக் கேட்டார்கள். அவர்கள் விழித்தார்கள். காதர் என் காதில் ஓதினான், நான் முழங்கினேன்: "அஞ்சு மணிக்கே இருட்டிடும். கம்பளிக்குள்ள இன்னொரு பனியன் போடணும்." பனியனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்தா உடம்பைத் திருப்பி, சுவரோரமாக நின்றிருந்த சித்தப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

கடைசியில் உறவுமுறைக் கேள்வி. ஓரகத்தி என்றால் யார்? அக்காவும் காதரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். எதிர்ப் பெஞ்சில் சின்ன இரட்டைச் சடை, பாடம் ஒப்பிக்கிற குரலில், "புருஷனோட அண்ணன் பொண்டாட்டி. அவங்க சொல்றத மரியாதையாக் கேட்டுக்கணும்," என்றது.

பெண்கள் பக்கத்தில் அம்மாவின் விசிறி நின்றது. அம்மா கழுத்தைத் திருப்பி மத்மசேலைப் பார்த்தாள். மத்மசேல் தன் கைக்குட்டையைப் பார்த்தார். என் கண்ணெல்லாம் தலைவரின் கணக்கிலேயே இருந்தது. சமம்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிள்ளைகள் சமமாக நின்றுவிட்டதால் அவர்களைத் தயார் செய்தவர்கள் மேடைக்கு வரட்டும், யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களுடைய குழுவுக்குப் பரிசு என்றார். சித்தப்பா ஒரு பக்கத்திலிருந்தும் மத்மசேல் மறுபக்கத்திலிருந்தும் ஏறி, மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நடுவில் உருண்டை.

"ரெண்டு நாட்டுக்கும் பொதுவாவே கேக்கறேன்," என்றார் தலைவர். "இந்தியாலேந்து பிரான்சுக்குக் கப்பல்ல போறவங்க எந்தக் கால்வாய் வழியாப் போவணும்?"

எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த பதில் அது. வீட்டுக்கு ஒருவர் அந்த வழியாகப் போயிருந்தார்கள். ஜன்னலில் தொங்கியவர்கள் ச்சு கொட்டினார்கள். நான் கையை நீட்டி உருண்டையைத் தூக்கத் தயாராகிவிட்டேன்.

சித்தப்பா மத்மசேலைப் பார்த்தார். "அவங்க சொல்லட்டும்," என்றார்.

மத்மசேல் முன்வரிசையில் தன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "அவரு சொல்லட்டும்."

தலைவர் கேள்வியைத் திரும்பப் படித்தார். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. நான் பெஞ்சிலிருந்து "சூயஸ்" என்றேன். பிள்ளைகள் சொல்லக்கூடாது என்றார் தலைவர். ஒருவேளை சித்தப்பாவுக்குக் கேட்கவில்லையோ என்று எழுந்து நின்று இன்னும் பலமாகச் சொன்னேன். காதரும் சொன்னான். ஷூ போட்ட பையன் அழுகிற குரலில் அவனுடைய டீச்சருக்குச் சொன்னான். கூடத்தில் எல்லோரும் சூயஸ் என்றார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர.

"சொல்லும்மா," என்றார் தலைவர்.

"தெரியலீங்க," என்றார் மத்மசேல்.

"எனக்கும் தெரியலீங்க," என்றார் சித்தப்பா.

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. பின்வரிசையிலிருந்து வைத்திக்குப்பத்துக்காரர் ஒருவர் மட்டும் கனைப்பதுபோலச் சிரித்தார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். தலைவர் உருண்டையைத் தூக்கித் திரும்ப அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

நான் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். தப்பான பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார், போகட்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்ததைக்கூடத் தெரியாதவர் எங்களுக்கு எதற்கு வாத்தியாராக வந்தார்? அவரோ நான் பேசாததைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மா வழக்கத்துக்கு மாறாக அவருக்குக் கூடுதலாக ஒரு வறுத்த மீனை வைத்தாள். தோற்றவர்களுக்கு மீன் வைப்பது என்றால் எனக்கும் வைத்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சொல்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டு, பதக்கம், கைத்தடி. உருண்டை தங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று வழக்குப் பேச வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற முடிவோடு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"வாங்க முசே," என்று பிரெஞ்சு மரியாதையோடு வரவேற்றார் அப்பா.

சொல்தா உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைத்தடியின் பூணைத் தேய்த்தார்.

"எம் பொண்ணு ராத்திரியெல்லாம் கோதாவரி, கிருஷ்ணான்னு சொல்லிக்கினு திரிஞ்சா மொதலாளி. போட்டிக்குன்னு இருந்தேன்."

"எங்கூட்லயும் அதே கூத்துதான்," என்றார் அப்பா. "பனியில இன்னா போட்டுக்கணும்னு பசங்களுக்குப் பாடம்."

"அவ இங்க இருக்கறதுக்குப் படிச்சிருக்கா. உங்க தம்பி அங்க வர்றதுக்குப் படிச்சிருக்காரு." சொல்தா தூணோரமாக நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். "எது நடக்கணும் தம்பி?"

"அவங்க சொல்லட்டும்," என்றார் சித்தப்பா.

"அவளக் கேட்டா நீ சொல்லட்டும்ங்கறா. இப்டியே போனா நான் கப்பல்ல டிக்கெட்டு எத்தினி எடுக்கறது?"

இதுதான் சமயம் என்று நான் குறுக்கே புகுந்தேன். போட்டியைத் திரும்ப நடத்திவிடலாம், எங்களுக்குப் பிரெஞ்சுக் கேள்வி கேட்டால் போதும் என்றேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கோயில், சர்ச் என்று ஏதோ தொடங்கினார். ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்றார். சொல்தாவும் தனக்கும் அதே ரோதனைதான் என்றார்.

அம்மா காப்பி கொண்டுவந்தாள். சொல்தாவின் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். வெளியாட்கள் முன்னால் அம்மா பேசி நான் பார்த்ததில்லை.

"ஓரகத்தின்னா யாருன்னு தெரிஞ்சிக்கினு வந்திருக்குது அந்தப் பொண்ணு," என்றாள். "அது இங்கயே இருக்கட்டுங்க. எங்க தம்பியவும் அனுப்பிட்டு எங்களால இருக்க முடியாது."

சொல்தா காப்பியைக் கையில் எடுக்கவில்லை. ஆவி அடங்குகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா," என்றார் கடைசியில். "நாங்க எழுதிக் குடுக்கறோம். அவ சும்மா இருக்கட்டும்."

உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனார். அந்த மட்டில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நான் தெருவில் போய்ச் சொன்னேன்.

கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று மேரியில் கல்யாணத்தைப் பதிந்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்து நகரசபைக் கட்டடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாளைக்கு உறவுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிரியாணி நன்றாக இருந்தது என்று காதர் வீட்டார் சொன்னதைக் கேட்டு, வராமல் விட்டோமே என்று வருந்தினார்கள். படிப்பகத் தலைவர் கல்யாணப் பரிசாக எதைக் கொண்டுவந்தார் என்று நினைக்கிறீர்கள்? அந்த உலக உருண்டையைத்தான். அவருடைய நியாயம் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

ஆக, மத்மசேல் எங்களுக்குச் சித்தியானாள். உருண்டையும் வீட்டுக்கு வந்தது. தொட்டால் சுற்றத்தான் செய்தது. ஒரு மத்தியானம் அதைச் சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பழைய விஷயம் ஞாபகம் வந்தது.

"ஏன் சித்தி, அன்னிக்கு ஏன் பதிலே சொல்லல?"

"தெரியலடா," என்றாள் சித்தி. சொல்லும்போதே உதடு துடித்தது. வெட்கமாக இருக்கும்தானே. டீச்சர் வேறு.

எனக்கு மனசு இளகிவிட்டது. உருண்டையைத் திருப்பி, பம்பாயில் விரலை வைத்து, செங்கடல் வழியாகத் தள்ளிக்கொண்டுபோய், அந்த மெல்லிய கோட்டைக் காட்டி, "இதான் சூயஸ்," என்றேன். சித்தி கண்ணை விரித்து, அப்படியா என்றாள். மறுநாள் பரீட்சை வைத்தேன். மறந்துவிட்டேன் என்றாள். திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும் மறந்துவிட்டது. இந்த அழகில் இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று அக்காவிடம் கேட்டேன். அக்கா என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் சித்திக்கு எல்லாம் தெரியும், சூயஸ் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது, நான்தான் பாடம் எடுக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். சித்தப்பா இதைக் கேட்டுத் தூணில் சாய்ந்து சிரித்தார். தனக்கும் தெரியாததற்கு ஒரு மனிதன் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று பட்டது எனக்கு.

வருஷக் கடைசியில் சொல்தாவும் அவருடைய மனைவியும் கிளம்பினார்கள். இங்கிருந்து ரயில், பம்பாயில் கப்பல். ஸ்டேஷனுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். நான் உருண்டையைத் துண்டில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். வழி தெரியாமல் பெரியவர் எங்காவது போய்விட்டால்?

பெட்டியெல்லாம் ஏற்றியான பிறகு சொல்தா ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பதக்கம் குத்தாத வெறும் கோட்டில் அவர் சின்னதாகத் தெரிந்தார். நான் உருண்டையை ஜன்னல் கம்பிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். அவர் விரலை நீட்டி, பம்பாயிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். சூயஸ் வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இங்கதான் தாத்தா திரும்பணும்," என்றேன்.

"ஆமாம்பா," என்றார். "இங்க திரும்பிட்டா அப்புறம் இந்தப் பக்கம் தெரியாது."

வண்டி அசைந்தது. விரல் உருண்டையிலிருந்து வழுக்கி விலகியது. சித்தி வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள். சித்தப்பா அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே நின்றார், கிட்டே போகவில்லை. நான் போனேன். ஆறுதல் சொல்லக் கையில் பொருள் இருக்கும்போது சும்மா இருப்பானேன்? உருண்டையை அவள் முன்னால் நீட்டி, இங்கிருந்து பிரான்சு வரைக்கும் சாண் போட்டுக் காட்டினேன்.

"பாருங்க சித்தி, ஒரு சாண்கூட இல்ல. நடுவுல ஒரே ஒரு கால்வாய்தான். அது பேரு இன்னான்னு சொல்லுங்க பாப்போம்."

சித்தி பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள்.

பாவம், திரும்பவும் மறந்துபோய்விட்டது. பரவாயில்லை, வீட்டுக்குப் போய் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று உருண்டையைத் துண்டில் கட்டிக்கொண்டு நடந்தேன்.